தலைவருக்கு வைத்த மீன்

அணு ஆலைக் கழிவு கடலில் கசிந்த பிறகு, மீனில் கதிரியக்கம் எவ்வளவு வரை இருக்கலாம் என்று வரம்பு வைக்க ஒரு குழு அந்த மீனவ ஊருக்கு வந்தது. குழுத் தலைவர் கருணாகரன் ஊர்க்கூட்டத்தில் ஓர் எண்ணை வாசித்தார்.

"இதில் தப்பு இருந்தால் யாராவது காட்டுங்கள், மாற்றிவிடுகிறேன்" என்று சிரித்தார்.

குழுவுக்குச் சமைக்க வந்த மிக்கேலம்மாள் மட்டும் கேட்டாள். "ஒரு ஆளு எவ்வளவு மீன் தின்பான்னு வச்சு இதப் போட்டீங்க ஐயா?"

"வாரத்துக்கு ஒரு துண்டு. நாட்டுச் சராசரி."

அவள் அடுப்படிக்குப் போனாள். மதியம், வெளியூரிலிருந்து வந்த சுத்தமான வஞ்சிரத்தில் குழம்பு வைத்தாள். ஊர் கூடியிருந்த இடத்திலேயே தலைவர் இலைமுன் உட்கார்ந்து ஒரு துண்டு தின்றார். மறுபடி கேட்டார், வைத்தாள். நான்கு துண்டு உள்ளே போயிற்று. ஐந்தாவதற்குக் கை நீட்டியபோது அகப்பையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"உங்க கணக்குல ஒரு மாசப் பங்கு முடிஞ்சிட்டு ஐயா. எங்க பிள்ளைங்க தினமும் இப்படித்தான் திங்குதுங்க."

குழுவினர் சிரித்துவிட்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஊர் பார்க்கத் தாளிலிருந்த அந்த எண்ணை அடித்துவிட்டார். "இந்த ஊர் சாப்பிடுவதை வைத்தே வரம்பு போடுவோம்" என்றார்.

மிக்கேலம்மாள் ஐந்தாவது துண்டை அவர் இலையில் வைத்தாள்.