கோலமில்லாத வெற்றித் திருநாள்

மருதங்கோட்டை ராஜா ரணசிங்கர், தாம் போரில் ஜெயித்த மாசி தசமியை நாட்டுக்கே திருநாளாக்கி, வாசலுக்கு வாசல் கோலம் போடச் சொல்லித் தண்டோரா போட்டிருந்தார். மறுவருஷம் அதே தசமியில் யானைமேல் ஊர்வலம் வந்தால், படைவீரர் தெருவில் ஒரு வாசலிலும் புள்ளிகூட இல்லை.

"திமிரைப் பாருங்கள்! இந்த நாளை ஏன் கொண்டாடுகிறோம் என்றே இவர்களுக்குத் தெரியாதா?" என்று கொதித்தார் ராஜா.

"பகைவன் கொடி சாய்ந்த நாளாயிற்றே!" என்றார் மந்திரி.

"தங்கள் புகழ் பிறந்த நாள்!" என்றார் புலவர்.

ஊர்வலத்தோடு வந்திருந்த, அரண்மனையில் கோலம் போடும் வெள்ளத்தாயை ராஜா கூப்பிட்டார். "பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கக் கோலம் போடு. இல்லாவிட்டால் கசையடி!"

"போட்டுடறேன் மகாராஜா. எந்த வாசல்ல போடலாம்னு மட்டும் நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க."

இதென்ன பிரமாதம் என்று ராஜா இறங்கிப்போய் முதல் கதவைத் தட்டினார்.

"போர்ல செத்த எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்குத் தெவசமுங்க. கோலம் போடக் கூடாது" என்றாள் ஒருத்தி.

அடுத்த வீட்டில் மகனுக்குத் தெவசம். அதற்கடுத்த வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும். தெருக்கோடி வீட்டிலோ தட்டத் தட்டத் திறப்பாரில்லை.

"அது என் வீடுங்க. கதவு திறக்க இருந்த ஒரே பிள்ளையும் அந்தப் போர்லதான் போனான்" என்றாள் வெள்ளத்தாய்.

ராஜாவுக்குத் தலை நிமிரவில்லை. "அப்படியானால் எந்த வாசலிலும் போட முடியாதா?"

"ஒரு வாசல்ல போடலாமுங்க. காலையிலயே போட்டுட்டுத்தான் வந்தேன்."

ராஜா யானை ஏறவில்லை. நடந்தே அரண்மனைக்குப் போய், வாசலை அடைத்திருந்த அந்தப் பெரிய கோலத்தைக் குனிந்து தம் கையாலேயே அழித்தார்.