ரெண்டே கால் வளையல்

சபுரா பீவிக்கு முப்பத்து நான்கு வயது. அவளிடம் பிரசவம் பார்க்கும் பயிற்சிக்கு வந்திருந்த சண்முகவடிவுக்கு ஐம்பத்தொன்று. குருவும் சீடரும் இப்படித் தலைகீழாக அமைந்துவிட்டதில் சபுராவுக்குக் கொஞ்சம் கூச்சம், சண்முகவடிவுக்கு நிறையக் கடுப்பு. பின்னே, இருபத்தாறு வருஷம் பிரசவ அறையில் நர்சாக நின்றவள். அவள் “முக்கு!” என்று ஒரு சத்தம் போட்டால் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் புருஷன்மாரும் சேர்ந்து முக்குவார்கள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தச் சத்தம்தான் இப்போது வம்பாகிவிட்டது. அவளுடைய ஒரே மகள் கோமதிக்குத் தலைப்பிரசவம். முப்பத்தைந்தாவது வாரம். வளைகாப்பு முடிந்த கையோடு கோமதி சொல்லிவிட்டாள், பிரசவத்தன்று அம்மா உள்ளே வரக்கூடாது என்று. சண்முகவடிவு இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயம்.

ஒரு நாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, ஒரு பையும் நோட்டுமாக சபுராவின் முன்னால் வந்து நின்றாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

“பிரசவத்துல கிழியாம இருக்க என்ன எண்ணெய்?”

“யாருக்கு?”

“எம் மகளுக்கு.”

“வீட்டுல இருக்க தேங்காயெண்ணெய் போதும். நகத்தை ஒட்ட வெட்டிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவணும். பெருவிரல்ல எண்ணெயைத் தொட்டு, பிறப்புவாசல்ல ஒரு கணு உள்ள வச்சு, கீழ்ப்பக்கமா மெல்ல அழுத்தி, ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கணும். தினம் அஞ்சு நிமிஷம். அன்னைக்குத் தலை தெரியும்போது வெதுவெதுன்னு நனைச்ச துணி வச்சுக் குடுக்கணும்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். அதுக்கும் கிழியவே கிழியாதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. குறையும்.”

சண்முகவடிவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏதோ மூலிகை, அதைக் காய்ச்சும் பக்குவம் என்று எழுதிக்கொள்ளத்தான் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். மகளிடம் கொண்டு நீட்ட ஒன்று வேண்டியிருந்தது. தேங்காயெண்ணெயை நீட்டினால் கோமதி சிரிக்க மாட்டாளா?

“நீங்க பாக்குற பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்குத் தையலே இல்லைங்காங்க. வெறும் தேங்காயெண்ணெயா காரணம்? எதையோ மறைக்கீங்க டீச்சர்.”

சபுராவுக்குச் சிரிப்பு வந்தது. “பையில என்ன?”

“வளைகாப்பு வளையல். உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்.”

“என்ன அளவு?”

“ரெண்டே கால். உங்களுக்குச் சின்னக் கைதானே.”

“உங்களுக்கு?”

“ரெண்டரை.”

சபுரா ஒரு கண்ணாடி வளையலை உருவி அவளிடமே நீட்டினாள். “போடுங்க.”

“ஏறாதே.”

“போட்டுப் பாருங்க.”

போடு என்றால் விடுகிற ஆளா சண்முகவடிவு? விரல்களைக் குவித்தாள், பல்லைக் கடித்தாள், ஒரே தள்ளு. வளையல் பெருவிரல் மூட்டில் சட்டென்று உடைந்தது. தோலில் ஒரு கோடு மாதிரி ரத்தம்.

சபுரா காயத்தைத் துடைத்து மருந்து வைத்தாள். அலமாரியிலிருந்து எண்ணெய் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, அவளுடைய மற்றக் கையை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாள். அவசரமே இல்லை. பிறகு இன்னொரு வளையலை விரல்களில் நுழைத்து, மூட்டில் தட்டியதும் நிறுத்திவிட்டாள்.

“கோமதி பொறந்தப்ப உங்க கூட யாரு இருந்தாங்கக்கா?”

சண்முகவடிவு யோசித்தாள். இதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

“யாருமில்ல டீச்சர். நீதான் நர்சாச்சே, உனக்குத் தெரியாததான்னு எல்லாரும் போயிட்டாங்க. ஒரு ஆயாம்மா மட்டும் வந்து எங்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ஒரு வார்த்தை சொல்லல. சும்மாதான் நின்னாங்க.”

சொல்லி முடித்துப் பெருமூச்சு விட்டாள். குனிந்து பார்த்தால் வளையல் மணிக்கட்டில் கிடந்தது.

“இது எப்ப ஏறுச்சு?”

“இப்பத்தான். மூச்சு விட்டீங்களே, அப்ப.”

சண்முகவடிவுக்கு நம்ப முடியவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரெண்டரைக் கை, ரெண்டே கால் வளையல்.

“கழட்டுங்க. இன்னொரு வாட்டி போடுங்க. இந்தத் தடவை நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

சபுரா கழற்றினாள். மறுபடியும் போட்டாள். சண்முகவடிவு கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வளையல் மூட்டில் நின்றது நின்றதுதான்.

“பாத்தா ஏற மாட்டேங்குதே!”

“கையை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க.”

“நான் எங்க பிடிச்சேன்?”

“போன வளையல் உடைஞ்சது உங்க உடம்புக்கு ஞாபகம் இருக்கு.”

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய ஒரு சின்னப் பெண் சண்முகவடிவின் கண்முன்னே வந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாள். உள்ளே அம்மா போடுகிற அதட்டலெல்லாம் கதவைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். பென்சில் நின்றுபோகும். அவளை அப்போது யார் கவனித்தார்கள்?

“கோமதி என்னைய உள்ள வரக்கூடாதுன்னுட்டா டீச்சர்,” என்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்தேவிட்டது. “‘உன் குரலைக் கேட்டாலே எனக்கு வயிறு இறுகுதும்மா’ங்கா. அவளை நான் ஒரு நாள்கூட அதட்டினதில்ல. ஊர்ப் பொண்ணுங்களைத்தான் அதட்டினேன்.”

சபுரா அவள் கையை விடவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தாள். வளையல் இன்னும் மூட்டிலேயேதான் இருந்தது. அதை மெல்ல உருவிக் கீழே வைத்தாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு சண்முகவடிவு கேட்டாள். “தினம் அஞ்சு நிமிஷம்னீங்களே, அந்த எண்ணெயை யார் தேய்க்கணும்?”

“அவங்களே செய்யலாம். வயித்தைத் தாண்டிக் கை எட்டலைன்னா அவங்க வீட்டுக்காரர். இல்ல, அவங்க சரின்னு சொன்னா நீங்க.”

“நான் கேட்டா சரிம்பாளா?”

“கேட்டுப் பாருங்க. வேண்டாம்னா எழுந்து வந்துருங்க. மறுநாள் கேளுங்க.”

“சரின்னுட்டு, பாதியில போதும்மான்னு சொல்லிட்டா? அஞ்சு நிமிஷம் ஆகலையே டீச்சர்?”

“சொன்ன உடனே கையை எடுத்துருங்கக்கா. எடுக்கீங்களான்னுதான் அவங்க உடம்பு பாத்துக்கிட்டிருக்கும்.”