நாட்டாமை தனியாக இருந்த கதை

சாமி மூளையைப் பங்கு வைத்த அன்றைக்கு ஊரே சந்தைக்குப் போயிருந்ததாம். அந்த ஊர்தான் மந்தைக்கரைப்பட்டி. அங்கே நாட்டாமையாக இருப்பது லேசுப்பட்ட காரியமா? விடிந்தால் பஞ்சாயத்து, பொழுது சாய்ந்தால் பஞ்சாயத்து. நாட்டாமை சக்கணன் தூங்கிப் பன்னிரண்டு நாளாகிவிட்டது.

இப்படியே போனால் ஆள் தாங்கமாட்டார் என்று சொன்ன டாக்டரம்மா ஊராரிடம் மருந்தையும் சொன்னார். "மலையடிக் காட்டுல மரத்தடியில இருக்கட்டும். அங்க வர்ற தூக்கம்தான் மருந்து. தனியா இருக்காரான்னு மட்டும் நீங்க பாத்துக்குங்க."

பாவம் சக்கணன், அதைக் கேட்டே பாதி குணமாகிவிட்டார். காட்டுக்குப் போய், ஓர் இலுப்பை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். காற்று சிலுசிலுவென்று வந்தது. இமை கனத்தது.

அந்த நேரம் பார்த்து ஊரில் கூட்டம் கூடியது. நாட்டாமையின் தங்கச்சி மகன் குருவையா, அவரைத் தனியாக விட்டு வந்தாச்சு என்றான். ஊருக்கே யோசனை சொல்லும் தொத்தன் தலையைச் சொறிந்தான்.

"யாரும் கூட இல்லேன்னா, அவரு தனியா இருக்காருன்னு எப்படித் தெரியும்?"

அதானே! ஊரே தலையாட்டியது. கால் மணிக்கு ஒருதரம் இரண்டு பேர் போய்ப் பார்த்து வருவதென்று முடிவானது.

முதல் ஜோடி போய்த் தோளைத் தட்டியது. "தனியாத்தானே இருக்கீங்க?" சக்கணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்றார். அவர்கள் கிளம்பிவிட்டார்களா என்று பார்க்க அடுத்த ஜோடி வந்தது. அவர்களைப் பார்க்க இன்னும் நாலு பேர். ஆள் சேர்ந்ததும் டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உச்சிப்பொழுதுக்குள் குஞ்சு குளுவான் உட்பட ஊரே காட்டில். குருவிகள்தான் பயந்துபோய் அடுத்த மலைக்குப் பறந்தன.

சக்கணன் மெல்ல நழுவி ஊருக்கு வந்தார். ஒரு ஈ காக்கை இல்லை. ஆகா, இதுவல்லவோ காடு! வீட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுச் சாய்ந்ததுதான் தெரியும், குறட்டை தெருக்கோடி வரை கேட்டது.

காட்டில் வெறும் துண்டைப் பார்த்த குருவையாவுக்கு அழுகை வந்துவிட்டது. தொத்தன்தான் தேற்றினான்: இத்தனை நேரம் நாட்டாமைக்குத் துணையாக நாட்டாமையாவது கூடவே இருந்தார், அவரும் போய்விட்டதால் இப்போதுதான் அவர் முழுக்கத் தனியாக இருக்கிறாராம்.

தேடிக்கொண்டு ஊருக்கு வந்தால், கட்டிலில் ஆள் கட்டையாகக் கிடக்கிறார்.

"தூங்கிட்டாரே" என்றான் குருவையா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தூங்கி என்ன செய்ய? டாக்டரம்மா சொன்ன இடத்துல தூங்கலையே. இந்தத் தூக்கம் செல்லாது" என்றான் தொத்தன்.

ஊர் ஒத்துக்கொண்டது. எட்டுப் பேர் கட்டிலோடு தூக்கினார்கள். அலுங்காமல் குலுங்காமல், கல்லும் முள்ளும் தாண்டி இரண்டு மைல். சக்கணன் ஒருக்களித்துக்கூடப் படுக்கவில்லை. பன்னிரண்டு நாள் தூக்கமல்லவா!

இலுப்பை மரத்தடியில் பூப்போல இறக்கி வைத்தார்கள். கூட்டம் சுற்றி நின்றது. குருவையா குனிந்து, இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"மாமா, எந்திரிங்க. காடு வந்திருச்சு. இனிமே நிம்மதியாத் தூங்குங்க."