மடியில் முடிந்த அதிரசம்

முன்னொரு காலத்தில் குன்றவாடி என்ற நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் காதில் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம்.

மழை பொய்த்து, கூலிவேலை அற்றுப்போன வருஷம் அது. மந்திரி அம்பலவாணர் சொல்லி, ஏழைப் பிள்ளைகளுக்காக ராஜா ஓர் அன்னசாலை திறந்தான். நடந்து வருகிற பிள்ளைகளுக்கு மத்தியானம் ஆளுக்கு இரண்டு உருண்டை கம்பஞ்சோறு. ஊரே மந்திரியை வாழ்த்தியது. களஞ்சிய அதிகாரி விருப்பண்ணருக்கு அது பொறுக்கவில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த ஆசாமி. எங்கே ஓட்டை கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பூவாயி என்ற சின்னப் பெண்ணைச் சபைக்கு இழுத்துவந்தார். அவள் பாவாடை மடியில் ஒன்றரை உருண்டைச் சோறு இருந்தது.

"மகாராஜா, சோற்றைச் சாலையிலேயே உண்ண வேண்டும், வெளியே கொண்டுபோனால் திருட்டு என்பது தங்கள் சட்டம். இவள் அரை உருண்டையைத் தின்றுவிட்டு மீதியைக் கட்டிக்கொண்டு போகிறாள். பசிக்கிறவள் கட்டிவைப்பாளா? இங்கே யாருக்கும் பசியில்லை. சாலையை மூடிவிடலாம்."

மந்திரி குனிந்து, "யாருக்கம்மா இது?" என்று கேட்டார்.

"தம்பிக்கும் அம்மாவுக்கும். அவன் இன்னும் நடக்கலை. அம்மா காய்ச்சல்ல கெடக்கு. அவங்களை விட்டுட்டு எனக்குத் தொண்டையில எறங்கலை சாமி."

ராஜாவுக்கு மனசு இளகியது. உடனே விருப்பண்ணர் காதோரம் போய் ஏதோ முணுமுணுத்தார். இளகினது இறுகிவிட்டது.

"சட்டம் சட்டம்தான். திருட்டுக்கு இடம் கொடுக்கிற சாலை வேண்டாம். நாளைக்குச் சபை கலைந்ததும் பூட்டிவிடுங்கள்" என்றான்.

பூவாயிக்கு அதெல்லாம் புரியவில்லை. மடியில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்றுதான் பயம். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். பாவம், பார்க்கச் சகிக்கவில்லை. மந்திரி அவளைச் சோற்றோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் சபைக்குத் தட்டுத் தட்டாக அதிரசம் வந்தது. நெய் சொட்டச் சொட்ட, வெல்லம் மணக்க மணக்க.

"அரண்மனை மடைப்பள்ளியில் சுட்டது. ஆளுக்கு நாலு, சாப்பிடுங்கள்" என்றார் மந்திரி. ராஜாவுக்கும் நாலுதான்.

சபை கலையும் நேரத்தில் மந்திரி வாசற்கதவைச் சாத்தச் சொன்னார்.

"அதிகாரியாரே, உங்கள் பட்டு அங்கவஸ்திரத்தில் என்ன, நெய்க்கறையாக இருக்கிறது?"

விருப்பண்ணர் முடிச்சைக் கையால் மறைத்தார். காவலாள் அவிழ்த்தான். உள்ளே மூன்று அதிரசம்.

"மீதியை ஏன் தின்னவில்லை? பசியில்லையோ?"

"பசிக்கென்ன குறைச்சல்? வீட்டில் பேரன் இருக்கிறான். அதிரசம் என்றால் அவனுக்கு உயிர். அவனை விட்டுவிட்டு எனக்கு எப்படித் தொண்டையில்..." அதிகாரி பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

யாரோ ஒரு தளபதி சிரித்தார். அவர் மடியிலும் இரண்டு இருந்ததால் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அரண்மனைப் பண்டத்தை வெளியே கொண்டுபோகிறவர்களுக்கு என்ன தண்டனை, மகாராஜா?" என்று கேட்டார் மந்திரி.

ராஜா நெளிந்தான். சபையே அவனைப் பார்த்தது. இடுப்புக் கச்சையில் நெய் ஊறிப் பட்டு கறுத்துக்கிடந்தது.

"இளவரசிக்கு" என்றான் ராஜா. "ரெண்டே ரெண்டு."

ஒருத்தரும் சிரிக்கத் துணியவில்லை. ராஜாவே சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"வயிறு நிறைந்த நமக்கே மனசு கேட்கவில்லை. அந்தப் பிள்ளை பசியோடு கட்டிவைத்திருக்கிறாள். அவளையா திருடி என்றோம், மந்திரியாரே?"

சாலையைப் பூட்டவில்லை. நடக்காத பிள்ளைக்கும் படுத்துக்கிடக்கிற தாய்க்கும் சோறு இனி வீடு தேடிப் போகும் என்று ராஜா உத்தரவு போட்டான். மந்திரி கழுத்தில் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். சோற்றுப் பானையைச் சுமக்கும் வேலை விருப்பண்ணருக்குக் கிடைத்தது.

அன்று மத்தியானமே அவர் வேர்த்து விறுவிறுத்துப் பூவாயி வீட்டில் பானையை இறக்கினார். தாய்க்கு வைத்தார், தம்பிக்கு வைத்தார், பிறகு பூவாயிக்கு வைத்தார். தம்பி தின்கிறானா என்று அவள் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு உருண்டையையும் தானே தின்று முடித்தாள்.

"இன்னும் ஒண்ணு கெடைக்குமா சாமி?" என்று இலையை நீட்டினாள்.

விருப்பண்ணர் பானைக்குள் கையை விட்டார்.