உள்ளங்கையளவு ஜன்னல்

கோவில்பட்டி புகைப்படச் சங்கத்தில் தலைவர் குலசேகரன் எடுத்த படத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. படங்களுக்குச் சட்டம் போடும் பேச்சியம்மாள் மட்டும் அன்று சங்கக் கூட்டத்தில், அவருடைய பெரிய சந்தைப் படத்தைப் பார்த்து, "இது இன்னும் நல்லா வரும் சார்" என்று சொல்லிவிட்டாள்.

தலைவருக்குச் சுருக்கென்றது. "அப்படியா? ஒரு வார்த்தை குறை சொல்லாம, எப்படி நல்லா வரும்னு காட்டு. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

பேச்சியம்மாள் படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கறுப்பு அட்டையில் உள்ளங்கையளவு ஜன்னல் வெட்டி, படத்தின் மேல் பொருத்திக் கொண்டுவந்தாள். ஜன்னலுக்குள் ஒரு பூக்காரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "அடடா, என்ன சிரிப்பு! எடுத்தவன் கலைஞன்யா! யார் அது?"

"நீங்கதான் சார்."

அட்டையை விலக்கினாள். பஸ், சுவரொட்டி, மின்கம்பி, பாதி வானம். அத்தனைக்கும் நடுவே, அவரே கவனிக்காத பூக்காரி.

சபை கைதட்டியது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பக்கத்துல போய் எடுத்திருக்கணுமோ?"

"நாலே எட்டு சார்" என்றாள் பேச்சியம்மாள், தலைநிமிர்ந்து.

மறுவாரம் அவள் மேசை முன்னால் உறுப்பினர்கள் படங்களோடு வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் தலைவர்.