நாலடி பதினொரு அங்குலம்

ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏழு மணி நேரம் கார் ஓட்டினால் ஒரு ஏரி வரும். கரையில் முந்நூறு வீடுகள். மார்கழி மாதத்தில் ஏரி உறைந்துவிடும். அதன்மேல் பனி விழுந்ததும் வீதி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. காற்று இல்லாத நாட்களில் வானமும் ஏரியும் ஒரே வெள்ளையாக இருக்கும். தூரத்தில் யாராவது சறுக்கிப் போனால் வானத்தின் நடுவில் போவதுபோலத் தோன்றும்.

அந்த ஊரின் ஒரே மருந்துக்கடை தயாளினி என்பவருடையது. நாற்பத்து நாலு வயது. மதியம் இரண்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஏரிக்குப் போவார். பல்கலைக்கழகக் காலத்தில் ஐஸ் ஹொக்கி ஆடியவர். இப்போது ஒரேயொரு விஷயம் மட்டும் சொல்லிக்கொடுத்தார்: பனிக்கட்டியின் மேல் திரும்புவது. அதைக் கற்றுக்கொள்ளப் பெரிய அணிகளின் ஆட்டக்காரிகள்கூட வந்து போனார்கள். அவர்களில் தமிழ் தெரியாதவர்களும் அவரை ரீச்சர் என்றே அழைத்தார்கள்.

ஒரு தை மாதத்தில் சாருகா வந்தாள். ஸ்காபரோவில் பிறந்தவள், இருபது வயது. தொழில்முறை ஹொக்கி ஆட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் யோசித்ததில்லை. இரண்டு அணிகளின் தேர்வு முகாமுக்குப் போய், இரண்டிலிருந்தும் திரும்பியிருந்தாள். முதல் முகாமில், 'நல்ல வேகம், ஆனால் ஆள் சிறிது' என்றார்கள். இரண்டாவது முகாமில் முதல் பாதியைச் சொல்லவில்லை.

ஏரியில் இறங்கிய முதல் நாளே கேட்டாள்.

"ரீச்சர், எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இந்த உயரத்தில புரொஃபெஷனலா விளையாடேலுமோ?"

ரீச்சர் கையிலிருந்த போத்தலைக் கவிழ்த்து, பனிக்கட்டியில் நீலச் சாயத்தால் ஒரு வட்டம் போட்டார். ஒரு வீட்டின் அளவு இருந்தது.

"கோட்டைத் தாண்டாமல் திரும்பும்" என்றார்.

அது சுலபமாக இருந்தது. அடுத்த வாரம் வட்டம் ஒரு அறையின் அளவாகியது. பிறகு ஒரு மேசையின் அளவு. ஒவ்வொரு நாளும் சாருகா முழங்காலை மடக்கி, இடுப்பைச் சாய்த்து, உடம்பைத் தாழ்த்தித் தாழ்த்திப் போனாள். சாயும்போது கையுறையின் நுனி பனிக்கட்டியை உரசும். அடியில் எங்கேயோ பனிக்கட்டி வெடித்து நீளமாக ஒரு ஒலி எழும்பி, ஏரி முழுக்க ஓடி, மறுகரையில் அடங்கும். முதலில் அவளுக்கு அது பயமாக இருந்தது. பிறகு அந்த ஒலி கேட்காத நாளில் தூக்கம் வரவில்லை.

ஒரு நாள் இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

"ரீச்சர், நீங்கள் இன்னும் பதில் சொல்லேல்லை."

"நான் ஏழு வயசில, பனியே தெரியாத எங்கட ஊர் நீர்வேலியிலயிருந்து இஞ்ச வந்தனான்" என்றார் ரீச்சர். "வந்து மூண்டாம் நாள், ஸ்கூல் பஸ் யன்னலால பாக்கிறன், ஒரு மனிசன் தண்ணிக்கு மேல நடந்து போறார். நான் கையெடுத்துக் கும்பிட்டன்."

"பிறகு?"

"அந்தாள் நடு ஏரியில ஒரு ஓட்டை போட்டு, பக்கத்தில இருந்து மீன் பிடிக்கத் தொடங்கிட்டார்."

சாருகா சிரித்துவிட்டாள். "இதுதானோ பதில்?"

"தேத்தண்ணி ஆறுது. குடியும்."

சனி, ஞாயிறுகளில் மரஆலையில் வேலை செய்யும் ஆட்கள் ஏரிக்கு வந்து ஹொக்கி ஆடுவார்கள். சாருகாவும் அவர்களோடு ஆடினாள். அவர்களில் ரோலண்ட் என்பவன் ஆறடி ஐந்து. முதல் நாள் அவன் அவளைத் தடுக்க வந்தபோது அவள் அவனுடைய முழங்கைக்குக் கீழே புகுந்து மறுபக்கம் வந்துவிட்டாள். அவன் நின்று, தன் இரண்டு பக்கமும் பார்த்து, "எங்கே போனாள்?" என்று மற்றவர்களைக் கேட்டான். அதற்குள், பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வில்லை கோலுக்குள் கிடந்தது. அவளுக்கு அது பெரிய சந்தோஷமாக இல்லை. ஆலையில் வேலை செய்கிறவர்களை வெல்வதற்காக அவள் இவ்வளவு தூரம் வரவில்லை.

மாசி நடுவில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐப்பசியில் இன்னொரு அணியின் தேர்வு முகாம். விண்ணப்பத்தில் பயிற்சியாளர் கையெழுத்து வைக்க வேண்டும். தாளை நிரப்பிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ஐஞ்சடி ரெண்டு?"

சாருகா எதிரே இருந்த இருமல் மருந்துப் போத்தல்களைப் பார்த்தாள். "எல்லாரும் கூட்டித்தான் எழுதுகினம், ரீச்சர். உண்மையைப் போட்டா வாசிக்கவே மாட்டினம். முகாமுக்குக் கூப்பிட்டா காணும். விளையாட்டைக் காட்டிட்டன் எண்டா, பிறகு அளந்தாலும் பரவாயில்லை."

"சரி. கையெழுத்து வைக்கிறன்."

அவளால் நம்ப முடியவில்லை.

"முதல்ல இந்த உயரத்தில ஒரு கிழமை விளையாடிப் போட்டு வாரும். இந்தத் தாளையும் உம்மட ஸ்கேட்டையும் தந்திட்டுப் போம்."

அன்று மாலை ரீச்சர் தன் வீட்டுக் கராஜில் அவளுடைய ஸ்கேட்டின் இரும்பு அலகுகளைக் கழற்றினார். சப்பாத்துக்கும் அலகுக்கும் நடுவே கடினமான பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து, ஆணியை முறுக்கித் திரும்பப் பூட்டினார். சரியாக மூன்று அங்குலம்.

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு ஏரியில் சாருகா எழுந்து நின்றாள். ஊர் வேறு மாதிரி இருந்தது. ரீச்சரின் கண்கள் கொஞ்சம் கிட்ட வந்திருந்தன. ஏரியின் நடுவில் ஒரு தீவு உண்டு. அதன் பைன் மரங்களின் அடியில் கிடந்த பனிகூடத் தெரிவதுபோல இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் படத்திலும் முன்வரிசையில் நின்றது ஞாபகம் வந்தது. பத்து நிமிடம் அவள் நகரவேயில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றார் ரீச்சர்.

"வடிவா இருக்கு, ரீச்சர்."

"அப்ப திரும்பும்."

திரும்பினாள். விழுந்தாள்.

மூன்று நாட்கள் விழுந்தாள். நாலாம் நாள் நேராக ஓட முடிந்தது. ஆறாம் நாள் வீட்டளவு வட்டத்தில் திரும்ப முடிந்தது. மேசையளவு வட்டத்தின் பக்கம் அவள் போகவில்லை. சாய்ந்தால் கணுக்கால் உருண்டது. கையுறை பனிக்கட்டியைத் தொடவேயில்லை. ரீச்சர் தன் வாளியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆலைக்காரர்கள் வந்தார்கள். ரோலண்ட் தடுக்க வந்தான். அவள் வழக்கம்போல அவன் முழங்கைக்குக் கீழே புகுந்தாள். முழங்கை அவள் தாடையில் வந்து இறங்கியது.

அவள் பனியில் மல்லாந்து கிடந்தாள். மேலே வெள்ளை. கொஞ்ச நேரம் எது மேல், எது கீழ் என்று விளங்கவில்லை. ரோலண்டின் முகம் அந்த வெள்ளைக்குள் வந்து, "மன்னித்துக்கொள், மன்னித்துக்கொள். நீ எப்போதும் அங்கே இருக்க மாட்டாயே!" என்றது.

சாருகா எழுந்து உட்கார்ந்து ஸ்கேட்டைக் கழற்றினாள். இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு ஏரியின் மேல் நடந்து கரைக்கு வந்தாள். வீதியைக் கடந்து ரீச்சரின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ரீச்சர் அவளுடைய காலைப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். உள்ளே போய், ஒரு துவாயையும் சுடுதண்ணீர் வாளியையும் கொண்டுவந்து வைத்தார்.

"அந்தத் தாளைத் தாங்கோ, ரீச்சர்."

காலை வாளிக்குள் வைத்துக்கொண்டே சாருகா ஐந்தடி இரண்டை வெட்டினாள். பக்கத்தில் நாலடி பதினொன்று என்று எழுதினாள். எழுதிவிட்டு அழுதாள்.

"இதைப் பாத்தா அவை என்னைக் கூப்பிடமாட்டினம்."

"கூப்பிடாமலும் விடலாம்" என்றார் ரீச்சர். பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

"அப்ப போன கிழமையே ஏன் மாட்டன் எண்டு சொல்லேல்லை?"

"போன கிழமை இதில இருந்த ஆளை எனக்குத் தெரியாது. இந்த ஆளைத் தெரியும்."

முகாமுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட காரணத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஐப்பசியில் ஐம்பத்திரண்டு பெண்கள் அங்கே வந்திருந்தார்கள். சுவரில் ஒட்டிய அளவுகோலில் ஒவ்வொருவராக முதுகைச் சாய்த்து நின்றார்கள். சாருகாவை அளந்தவர் தாளைப் பார்த்தார், திரும்ப அளவுகோலைப் பார்த்தார். "இன்றைக்கு எழுதினது எழுதினபடி இருக்கிற முதல் ஆள் நீதான்" என்றார்.

பிரதான அணியில் அவளைச் சேர்க்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் ஆடும் நாட்களில் அவள் மேலே, பார்வையாளர் நடுவே உட்கார்ந்திருந்தாள். தையில் ஒருத்திக்கு முழங்கால் போனது. சாருகாவை இறக்கினார்கள்.

மூன்று ஆட்டங்கள் ஆடினாள். முதலாவதில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. இரண்டாவதில் கோலுக்குப் பின்னாலிருந்து, ஒரு மேசைகூட வைக்க முடியாத இடத்தில் திரும்பி, ஒரு கோல் அடித்தாள். மூன்றாவதில் எதிரணியின் உயரமான ஒருத்தி அவளைப் பக்கவேலியோடு வைத்து நசுக்கினாள். அது விதிக்கு உட்பட்ட மோதல்தான். சாருகாவின் காறை எலும்பு முறிந்தது.

பங்குனியில் அவள் திரும்ப வந்து, ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். கைக்கட்டை அவிழ்த்து நாலு நாள் ஆகியிருந்தது. ரீச்சர் ஏரியின் நடுவில் தனியாகச் சறுக்கிக்கொண்டிருந்தார். அன்று மூடுபனி. சாருகாவுக்கு முதலில் ஸ்கேட்டின் ஒலி கேட்டது, அதன் பிறகுதான் ஆள் தெரிந்தது.

"தோள் எப்பிடி?"

"குளிருக்கு நோகுது."

சட்டைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். ரீச்சர் கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தார். அணி அவளை அடுத்த இரண்டு வருடங்களுக்குக் கேட்டிருந்தது. கையெழுத்து வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது. பதில் சொல்ல இன்னும் மூன்று நாள்.

"வைக்கேல்லையோ?"

"கை வரேல்லை, ரீச்சர்." சாருகாவின் குரல் சின்னதாக இருந்தது. "அந்தப் பிள்ளை என்னை இடிச்ச நேரம் அவ கோபத்தில இடிக்கேல்லை. பிறகு வந்து கையும் தந்தவ. அவ சும்மா அவவின்ர அளவில இடிச்சா, நான் உடையிறன். அடுத்த வருசமும் அவ இருப்பா. அவவை மாதிரி இன்னும் முப்பது பேர் இருக்கினம். அம்மா ஃபோன் எடுத்து ஒண்டும் சொல்லாமல் அழுகிறா. போன வருசம் உங்களிட்டக் கேக்கேக்க எனக்கு ஆசை மட்டும்தான் இருந்தது. இப்ப பயந்து கேக்கிறன். இந்த உயரத்தில ஏலுமோ, ஏலாதோ?"

கையெழுத்து வைத்தாளா என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: வைத்தாள். ஐந்து வருடம் ஆடினாள். மறுபக்கத்துக் காறை எலும்பும் ஒரு தரம் முறிந்தது. ஒரு வருடம் அணியில் அதிக கோல் அவளுடையது, ஒரு வருடம் பாதி நாள் வெளியே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அன்றைக்கு மூடுபனிக்குள் நின்றவளுக்கு அதில் எதுவும் தெரியாது.

ரீச்சர் தாளை மடித்து உறைக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தீவைச் சுத்தி ஒருக்கா போட்டு வருவம். வாரும்."

"தோள்..."

"மெல்லப் போவம்."

போனார்கள். முதலில் மெதுவாகத்தான் போனார்கள். கரை மறைந்தது. பிறகு ஊர் நாய்களின் சத்தமும் நின்றுபோனது. இரண்டு சோடி அலகுகள் பனிக்கட்டியைக் கீறும் ஒலி மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஆழத்தில் பனிக்கட்டி நீளமாக ஒலித்து அடங்கியது. சாருகா தன்னை அறியாமல் முழங்காலை மடக்கினாள். ரீச்சர் கொஞ்சம் வேகம் கூட்டினார். அவளும் கூட்டினாள். மூடுபனிக்குள்ளிருந்து தீவின் பைன் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து பக்கத்தால் போயின. வளைவு வந்தது. சாருகா சாய்ந்தாள். நோகாத கையின் விரல்கள் பனிக்கட்டியை உரசிக்கொண்டு போயின. வளைவை விட்டு வெளியே வந்தபோது அவள் ரீச்சருக்கு ஒரு உடம்பு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ரீச்சரின் குரல் வந்தது.

"இவ்வளவு நாளும் நிண்டுகொண்டுதான் கேட்டீர், பிள்ளை. இப்ப ஓடிக்கொண்டு கேளும்."

சாருகா வாயைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே போனது. கேள்வி வரவில்லை.