ரெண்டு சீட்டு, ஒரு பாட்டு

குருன்னா தாடி வேணும்னு யாருங்க சொன்னது? எங்க தெருவுல குருவுக்கு வயசு முப்பத்திமூணு, பேரு சபூரா. சிஷ்யனுக்கு அம்பத்தொண்ணு. கோயமுத்தூர்ல காருக்கு ஸ்பீக்கர் மாட்டுற கடை. நான் பக்கத்துக் கடையில சீட் கவர் தைக்கிறவன். எனக்குத் தெரியாம அங்க ஒண்ணும் நடக்காது.

சிஷ்யன் பேரு மருதாசலம். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இருபத்தஞ்சு வருசம் மைக் செட் கட்டின ஆளு. ஊரைக் கூட்டத் தெரியும். ஒத்தை ஆளு காதுல மெதுவா பாட்டைக் கொண்டுபோய் வைக்கத் தெரியாது. அதைக் கத்துக்க வந்து ரெண்டு வருசம் ஆச்சு. சபூராவை டீச்சர்னு கூப்பிடுவார். ஆரம்பத்துல கிண்டலுக்கு, இப்ப நெசமாவே.

ஒரு செவ்வாய்க்கிழமை எமில்டாம்மா ஒரு பழைய காரை ஓட்டிட்டு வந்தாங்க. அம்பத்தேழு வயசுல லைசென்ஸ் எடுத்தவங்க. வண்டியை ஓரங்கட்டவே நாலு தடவை முன்ன பின்ன போனாங்க.

"வீட்டுக்காரர் முப்பது வருசம் கவர்மென்ட் பஸ் ஓட்டினவருங்க. சக்கரையில கண்ணு போயிருச்சு. அஞ்சு மாசமா ஆஸ்பத்திரியை விட்டா வேற எங்கயும் வரமாட்டேங்கிறார். இடது சீட்டுல மூட்டையாட்டம் உக்காரமாட்டேன்னு ஒரே புடிவாதம். பாட்டுன்னா அவருக்கு உசுரு. நல்லா பாடுற மாதிரி பண்ணிக் குடுத்தீங்கன்னா, அதைச் சொல்லியாச்சும் வெளிய கூட்டிட்டுப் போயிருவேன்."

சொல்லிட்டுக் கார் சாவியைச் சபூரா கையில குடுத்தாங்க.

"முன்னாடி ஸ்பீக்கர் வேலை முழுக்க நீங்களே பாருங்கண்ணா"ன்னு சபூரா மருதாசலத்துக்கிட்ட விட்டுருச்சு. அவரை நம்பி முழுசா விட்ட முதல் வண்டி அது.

மனுசன் மூணு நாள் சோறு தண்ணி மறந்து உழைச்சார். கதவைப் பிரிச்சு, தகரம் அதிராம இருக்க உள்ள ஷீட் ஒட்டினார். பெரிய ஸ்பீக்கரைக் கதவுல வச்சார். சின்ன ஸ்பீக்கரைக் கண்ணாடி ஓரத்துல எடுத்த எடுப்புல திருகிடலை. பசை வச்சு ஒட்டி, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிக் கேட்டுட்டு, அப்புறம்தான் துளையே போட்டார்.

கடைசியா அளவு வைக்கிற வேலை. பக்கத்து ஸ்பீக்கர் சத்தம் காதுக்கு முந்தி வரும், தூரத்துது பிந்தி வரும். பக்கத்துல இருக்கிறதை ஒரு துளி நேரம் நிறுத்திவச்சு விட்டா, ரெண்டும் ஒண்ணா வந்து சேரும். அப்ப பாடுறவங்க முன்கண்ணாடிக்கு நேரா நடுவுல நின்னு பாடுற மாதிரி இருக்கும். டிரைவர் தலை வர்ற இடத்துல மைக்கைக் கட்டி, லேப்டாப்பைப் பார்த்து அளந்து முடிச்சார். இந்தத் தொழில்ல எல்லாரும் அங்கதான் கட்டுவாங்க.

வெள்ளிக்கிழமை எமில்டாம்மா கெஞ்சிக் கூத்தாடி வீட்டுக்காரரை ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாங்க. லூர்துசாமி. நல்ல உயரம், சலவைச் சட்டை. இடது சீட்டுல உக்காந்தார். பாட்டு ஓடுச்சு. பாதியிலேயே கதவைத் தொறந்துட்டார்.

"பாடுற பொண்ணு என் கதவுல ஃபுட்போர்டு அடிக்குது. வண்டிக்குள்ள ஆளே இல்லை."

மருதாசலத்துக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. "மெஷின்ல கரெக்டா இருக்குங்க. வேணும்னா நீங்களே பாரு..."ன்னு ஆரம்பிச்சு, நாக்கைக் கடிச்சுக்கிட்டார்.

"பரவாயில்லைங்க" அப்படின்னார் லூர்துசாமி. அப்புறம் பொண்டாட்டி இருக்கிற பக்கம் திரும்பி, "இதுக்கு மேல இழுக்காத எமிலு. வண்டியை வித்துரு. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

எமில்டாம்மா முகத்தை என்னால பார்க்க முடியலை. தையல் மெஷினைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன்.

"ஐயா, ஒரு அரை மணி நேரம் குடுங்க." சபூரா நாற்காலி போட்டு அவரை உக்கார வச்சுச்சு. அப்புறம் சிஷ்யன்கிட்ட வந்துச்சு.

"மைக்கை எங்கண்ணா கட்டினீங்க?"

"டிரைவர் சீட்டுலதான் டீச்சர். எப்பவும் அங்கதானே?"

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. கண்ணை மூடிக்குங்க."

உக்காந்தார். சபூரா பாட்டைப் போட்டு, கதவைச் சாத்திட்டு, எல்லாருக்கும் டீ வாங்கப் போயிருச்சு.

முழுப்பாட்டும் ஓடுச்சு. அவர் இறங்கலை. அடுத்ததும் ஓடுச்சு. அதுக்கப்புறம் இறங்கி, யார் மூஞ்சியையும் பார்க்காம, வலது சீட்டுல கட்டியிருந்த மைக்கைக் கழட்டி இடது சீட்டுல கட்டினார். டீ அப்படியே ஆறிப்போச்சு.

வேலை முடிஞ்சதும் அவரே போய் லூர்துசாமி கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தார். "ஒரே ஒரு பாட்டுங்கய்யா. எனக்காக."

எமில்டாம்மா டிரைவர் சீட்டுல ஏறினாங்க. அதே பாட்டு. கொஞ்ச நேரத்துல லூர்துசாமி கை மெதுவா மேல வந்துச்சு. முன்னாடி பலகையைத் தடவிட்டே போய் நட்டநடுவுல நின்னுச்சு.

"இங்க நிக்கிறா எமிலு. இதோ, இங்க."

அவர் கன்னத்துல தண்ணி. எமில்டாம்மாவும் அழுதாங்க. சும்மா சொல்லக்கூடாது, நானும்தான்.

திடீர்னு கேட்டார். "உனக்கு எங்க நிக்கிறா?"

"எனக்கு எங்க நின்னா என்ன?"

"சொல்லு."

"என் கதவுகிட்ட."

"அப்ப இது வேண்டாம். ஓட்டுறவ நீ. உனக்கே இருக்கட்டும்."

"பேசாம கேளுங்களேன்! உங்களுக்காகத்தான இவ்வளவு கஷ்டமும்."

அஞ்சு மாசத்துக்கு அப்புறம் வெளிய வந்த மனுசன், திரும்ப வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறதுக்கு இது ஒரு சாக்கு ஆயிருமோன்னு எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. மருதாசலம்தான் குறுக்க பூந்தார்.

"ரெண்டு அளவையும் உள்ளயே வச்சிரலாங்க. கியருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்விட்ச். இந்தப் பக்கம் தள்ளினா ஐயாவுக்கு, அந்தப் பக்கம் தள்ளினா அம்மாவுக்கு. போகும்போது ஒருத்தர் கேளுங்க, வரும்போது ஒருத்தர் கேளுங்க."

சபூரா சரின்னு தலையாட்டுச்சு. மருதாசலம் முகத்தைப் பார்க்கணுமே அப்ப!

பன்னெண்டே நாள். வண்டி திரும்ப வந்து நின்னுச்சு. ஸ்விட்ச் காலி. அதுல தள்ளுற நாக்கு ஒடைஞ்சு தனியா எமில்டாம்மா கையில இருந்துச்சு.

"எல்லாம் இவராலதாங்க! நான் அவர் பக்கம் தள்ளுவேன். கையை எடுக்கறதுக்குள்ள தடவிப் பார்த்து என் பக்கம் தள்ளிருவார்."

"கியர் மாத்துற சாக்குல இவதாங்க தள்ளுறா. பாடுறவ இடம் மாறினா எனக்குத் தெரியாதா? முதல்ல இவளுக்கு மூணாவது கியர் எப்பப் போடணும்னே தெரியலை. இஞ்சின் கத்துறதைக் கேட்டு நான்தான் சொல்லிக் குடுக்கறேன்."

"பொள்ளாச்சி போய்ச் சேர்றதுக்குள்ள நாப்பது தடவை தள்ளியிருப்பாருங்க. மேட்டுப்பாளையம் போனப்ப கணக்கே இல்லை."

"சீக்கிரம் பண்ணிக் குடுங்கம்மா. நாளைக்கு வால்பாறை போறோம். நாப்பது கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம்."

மருதாசலம் சபூராவைத் தனியா கூப்பிட்டார். ரொம்ப யோசிச்சு வச்சிருந்தார்னு குரல்லயே தெரிஞ்சுச்சு.

"டீச்சர், இது சரிப்பட்டு வராது. புது ஸ்விட்சும் ஒடைஞ்சிரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரே அளவா வச்சு மூடிரலாமா? ரெண்டு பேருக்கும் சுமாரா கேக்கும். சண்டையும் இருக்காது."

சபூரா காரைத் திரும்பிப் பார்த்துச்சு. உள்ள இன்னும் ஓயலை. "நீ கேளுடி"ன்னு ஒரு சத்தம். "நீங்க கேளுங்க"ன்னு ஒரு சத்தம்.

"லாரிக்குப் போடுற ஸ்விட்ச் இருக்கும்ல, அதைப் போடுங்கண்ணா" அப்படின்னுச்சு. "அது எத்தனை தடவை தள்ளினாலும் ஒடையாது."